சாட்சி ஆற்றின் அடியில் இருக்கிறது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம். என் பக்கத்துத் தோட்டக்காரர் விடியற்காலையில் மோட்டார் போடுவதற்காக ஆற்றோரக் கிணற்றுக்குப் போனார். ஆற்றுப் பக்கமிருந்து மூக்கைத் துளைக்கும் நாற்றம் வந்தது. எட்டிப் பார்த்தால் தண்ணீரின் மேல் வெள்ளை வெள்ளையாக நுரை மிதந்து கொண்டிருந்தது. வெயில் ஏறுவதற்குள் நுரை போய்விட்டது, நாற்றமும் அடங்கிவிட்டது. இரண்டு நாள் பொறுத்து, ஒரு பாட்டிலை நன்றாகக் கழுவி, ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து, பஸ் ஏறிப் போய் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தார். கொஞ்ச நாள் கழித்துக் காகிதம் வந்தது. ‘பாசனத்துக்கு ஏற்ற நீர்’ என்று அதில் கண்டிருந்தது. அதை எடுத்துக் கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

“ஏனுங்க அண்ணா, காயிதத்துல தண்ணி நல்லா இருக்குதுன்னுதான் போட்டிருக்குது. அப்ப நான் பார்த்த நுரை பொய்யுங்களா?” என்று கேட்டார்.

அவர் பார்த்ததும் பொய்யல்ல. காகிதம் சொன்னதும் பொய்யல்ல. நுரை வந்தது ஒரு நாள் விடியற்காலை. பாட்டிலில் பிடித்தது இரண்டு நாள் கழித்து, பகல் வேளையில். ஆறு ஓடிக் கொண்டே இருக்கிறது. அன்று வந்த தண்ணீர் அதற்குள் பல கல் தூரம் தாண்டிப் போயிருக்கும். பாட்டிலில் இருந்தது வேறு தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு உரிய பதிலைத்தான் ஆய்வுக்கூடம் கொடுத்தது.

ஆற்றோர விவசாயிகள் பலருடைய சங்கடம் இதுதான். கெடுதல் நடந்தது நமக்குத் தெரியும். ஆனால் நிரூபிக்க முடிவதில்லை. ‘எப்போது வந்தது, எவ்வளவு வந்தது, யார் பார்த்தார்கள்?’ என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. ஆனால் அன்றைக்கும் அங்கே சாட்சிகள் இருந்தன. இராப்பகலாக ஆற்றை விட்டு நகராமல், அடியில் கல்லுக்கும் மணலுக்கும் சேற்றுக்கும் இடையே குடியிருக்கும் சிறு ஜீவராசிகளே அந்தச் சாட்சிகள். அவற்றைக் கேட்டறியும் வழியைச் சிறு விவசாயிகள் ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டும், அரசும் அந்தச் சாட்சியத்தை மதிக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

அடியில் குடியிருப்பவர்கள் யார்?

கோடையில் ஆறு முழங்கால் அளவு ஓடும்போது, ஒரு கல்லை மெதுவாகத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வழுவழுப்பான பாசியின் மேல் ஏதேதோ ஓடும். சில ஒட்டிக் கொண்டு அசையாமல் இருக்கும். சிறு வயதில் ஆற்றில் ஆடியவர்கள் எல்லோரும் இவற்றைப் பார்த்திருப்போம். பெயர்தான் தெரியாது. இவற்றில் பெரும்பாலானவை பூச்சிகளின் இளம்பருவம். தட்டான், ஊசித்தட்டான் போன்ற பூச்சிகள் வானத்தில் பறப்பது தங்கள் வாழ்நாளின் கடைசிப் பகுதியில்தான். அதற்கு முன்னால் அவை தண்ணீருக்கு அடியில்தான் வளர்கின்றன. இவற்றோடு நத்தை, ஆற்றுச் சிப்பி, நண்டு, கூனி இறால், அட்டை, பலவகைப் புழுக்கள் எல்லாம் அங்கே குடியிருக்கின்றன.

இவற்றைச் சாட்சியாகக் கொள்வதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, இவை மீனைப் போல ஆபத்து வந்தவுடன் வெகுதூரம் ஓடிப் போகக் கூடியவை அல்ல. வந்ததை அங்கேயே இருந்து அனுபவிக்க வேண்டியவை. இரண்டாவது, இவை தண்ணீரில் நெடுநாள் வாழ்பவை. சில வகைகள் சில வாரமோ சில மாதமோ இருக்கும். தட்டான் இளம்பருவங்களில் சில ஓராண்டுக்கு மேலும் இருக்கும். ஆற்றுச் சிப்பி பல ஆண்டுகள் இருக்கும். ஆகவே நேற்று இரவு வந்த கழிவும், போன மாதம் வந்த கழிவும் இவற்றின் கணக்கில் பதிவாகி விடும். விஷத்தண்ணீர் ஒரே இரவில் வந்து போய்விட்டாலும், செத்துப் போன இடத்தில் மேலிருந்து புதிதாக வந்து குடியேற வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் ஆகும். மூன்றாவது, இவற்றைப் பார்க்க இயந்திரம் வேண்டாம். வெறும் கண்ணே போதும். வயதானவர்களுக்கு ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது.

பிராணவாயு நடத்தும் பரீட்சை

நம்மைப் போலவே இவையும் பிராணவாயுவைச் சுவாசித்து வாழ்கின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு மிகக் கொஞ்சம். சாக்கடையோ, ஆலைக் கழிவோ, சாணக் குழிக் கசிவோ ஆற்றில் சேர்ந்தால், அதைத் தின்று அழுகச் செய்யும் நுண்கிருமிகள் பெருகி, இருக்கிற பிராணவாயுவை அவையே செலவழித்து விடுகின்றன. அப்போது சொகுசுக்காரர்கள் முதலில் சாவார்கள். எதையும் தாங்குகிறவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். இந்த வித்தியாசம்தான் நமக்கு அளவுகோல். ஆற்றடியில் இருப்பவற்றை மூன்று வரிசையாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதல் வரிசை, அசுத்தத்தைத் தாங்காதவை. மே ஈ என்று புத்தகங்களில் சொல்லப்படும் பூச்சியின் இளம்பருவம் இதில் முக்கியமானது. பெரும்பாலும் வாலில் மயிர் போன்ற மூன்று நூல்கள் இருக்கும். வயிற்றின் இரு பக்கமும் இலை போன்ற சிறு செவுள்கள் வரிசையாக இருக்கும். சில வகைகளில் அவை துடித்துக் கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். இது பறக்கும் பருவத்துக்கு வந்தபின் சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் உயிரோடு இருக்கும். அடுத்தது கல் ஈ. இதற்கு வாலில் இரண்டே நூல்கள். மலையடிவாரத்தில் குளிர்ந்து வேகமாக ஓடும் தண்ணீரில் இது அதிகம். மூன்றாவது, மணலையும் இலைத் துணுக்கையும் தன் எச்சில் நூலால் ஒட்டி, குழல் போன்ற ஒரு வீடு கட்டிக் கொண்டு, அதையும் சுமந்து கொண்டு ஊர்ந்து போகும் புழு. இதை வீடு கட்டும் புழு என்று நாம் அழைப்போம்.

இரண்டாம் வரிசை, ஓரளவு தாங்குபவை. தட்டான், ஊசித்தட்டான் இளம்பருவங்கள், நண்டு, கூனி இறால், ஆற்றுச் சிப்பி, நீர்வண்டுகளில் பல ஆகியவை இதில் சேரும்.

மூன்றாம் வரிசை, எதையும் தாங்குபவை. சேற்றில் தலையைப் புதைத்து வாலை ஆட்டிக் கொண்டு கொத்துக் கொத்தாக நிற்கும் சிவந்த நூல் புழு, கொசு போன்ற ஒரு வகை ஈயின் சிவப்புப் புழு, அட்டை, காற்றைச் சுவாசிக்கும் நத்தைகள், நீண்ட வாலைக் குழாய் போல மேலே நீட்டி மூச்சு விடும் சாக்கடைப் புழு ஆகியவை இவை. இந்தப் புழுக்கள் சிவப்பாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புச் சத்தைப் போன்றதே இவற்றின் உடம்பிலும் இருக்கிறது. தண்ணீரில் உள்ள கொஞ்சநஞ்சப் பிராணவாயுவையும் இவை அதனால் பிடித்து வைத்துக் கொள்கின்றன.

இங்கே ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். சிவப்புப் புழு ஒன்றிரண்டு இருப்பதால் மட்டும் ஆறு கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. நல்ல ஆற்றிலும் அது இருக்கும். நல்ல ஆற்றில் பல வகைகள் இருக்கும். ஒவ்வொரு வகையிலும் ஓரளவு எண்ணிக்கை இருக்கும். கெட்ட ஆற்றில் ஒன்றிரண்டு வகைகளே இருக்கும். ஆனால் அவை ஆயிரக் கணக்கில் மண்டிக் கிடக்கும். முதல் வரிசையில் யார் காணாமல் போனார்கள் என்று பார்ப்பதே முக்கியம். கொடிய விஷம் வந்திருந்தால் மூன்றாம் வரிசையும் இருக்காது. கல்லுக்கு அடியில் வெறுமைதான் இருக்கும்.

பிற நாடுகளும் நம் நாடும்

இது புதிதாக யாரோ கிளப்பிவிட்ட கதையல்ல. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள், எந்த உயிர் எவ்வளவு அசுத்தத்தில் வாழும் என்று வகைப்படுத்தி 1908, 1909ஆம் ஆண்டுகளிலேயே வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் 1970களின் பிற்பகுதியில் பூச்சிக் குடும்பங்களுக்கு மார்க் போடும் முறை உருவாயிற்று. கல் ஈ, மே ஈக் குடும்பங்களில் பலவற்றுக்கு 10; தட்டான் குடும்பங்கள் பலவற்றுக்கு 8; அட்டைகளுக்கும் குளத்து நத்தைகள் பலவற்றுக்கும் 3; சிவப்புப் புழுவின் குடும்பத்துக்கு 2; நூல் புழு இனத்துக்கு 1. கிடைத்த மார்க்கைக் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆற்றின் நிலைமை தெரிந்துவிடும். ஐரோப்பிய நாடுகள் 2000ஆம் ஆண்டில் கொண்டு வந்த நீர்ச் சட்டத்தில், ஆற்றின் தரத்தைச் சொல்ல அடித்தள ஜீவராசிகளின் நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் தென்பகுதியில் கென்னட் என்று ஒரு ஆறு. அங்கே தூண்டில் போட்டு மீன் பிடிப்பவர்கள் பயிற்சி எடுத்துக் கொண்டு, மாதந்தோறும் ஆற்றடிப் பூச்சிகளை எண்ணி வந்தார்கள். 2013 ஜூலையில் பூச்சிகளும் கூனி இறால் போன்ற சிற்றுயிர்களும் செத்துக் கிடப்பதை அவர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 15 கி.மீ. தூரத்துக்கு ஆற்றடி காலியாகி இருந்தது. பிறகு அதிகாரிகள் வந்து ஆராய்ந்தார்கள். காரணம் என்ன தெரியுமா? குளோர்பைரிபாஸ். நம் ஊர் மருந்துக் கடைகளில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாக அது ஆற்றில் சேர்ந்திருந்தது. தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகவே ஓடிக் கொண்டிருந்தது. மாதந்தோறும் எண்ணுகிறவர்கள் இல்லாதிருந்தால் வெகுநாள் யாருக்கும் தெரிந்திராது.

நம் நாட்டிலும் இந்த முறை இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆற்றடி ஜீவராசிகளைக் கொண்டு தண்ணீரை ஐந்து தரமாகப் பிரிக்கும் ஓர் அளவுமுறையை வகுத்து வைத்திருக்கிறது. சுத்தமான தண்ணீருக்கு நீலம், மிகக் கெட்ட தண்ணீருக்குச் சிவப்பு என்று நிறங்கூடக் கொடுத்திருக்கிறார்கள். முறை இருக்கிறது, ஆனால் அது நம் வாய்க்கால் வரையில் வரவில்லை. ஆற்றோர விவசாயிகளில் எத்தனை பேருக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியும்?

நொய்யல் சொல்லும் பாடம்

நொய்யல் ஆற்றை எடுத்துக் கொள்வோம். வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு இது. மலையடிவாரத்தில் தெளிந்த தண்ணீர். நகரங்களைத் தாண்டும்போது சாக்கடை. திருப்பூரைத் தாண்டும்போது சாயக்கழிவு என்று ஒரே ஆறு பல வேஷம் போட்டது. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை 1992ல் திறக்கப்பட்டது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. நிலத்தை வாழவைக்க வேண்டிய அணையின் தண்ணீரை, திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலைமை வந்தது.

சாயம் பிடிக்க வைப்பதற்கு உப்பு வேண்டும். கறியுப்பையும் சோடியம் சல்பேட்டையும் மூட்டை மூட்டையாகக் கரைத்து விட்டார்கள். சாயத்தின் நிறத்தை எடுத்துவிட்டாலும் உப்பு போவதில்லை. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய மண்ணில் சோடியம் ஏறினால் மண் இறுகிப் போகும், தண்ணீர் இறங்காது, வேர் மூச்சுத் திணறும். ஆற்றோரக் கிணறுகளும் கெட்டன. விவசாயிகள் வருஷக் கணக்கில் மனுக் கொடுத்தார்கள், போராடினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்று கெடு வைத்து உத்தரவிட்டது. அது சரியாக நடக்காமற் போகவே, 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உத்தரவு வந்தது.

அணை திறந்து 19 ஆண்டுகள் கழித்து வந்த உத்தரவு அது. நியாயம் கிடைத்தது என்றே வைத்துக் கொள்வோம். ஆனால் உப்பேறிய நிலம் உத்தரவைப் படித்துவிட்டுத் திருந்திவிடுமா? தென்னை காய்ந்த பிறகு, கிணறு கரித்த பிறகு, கறவை மாட்டை விற்ற பிறகுதான் நம் கையில் சாட்சியம் சேருகிறது. இதுதான் மாற வேண்டும். கெடுதல் ஆற்றின் அடியில் இருக்கும்போதே, அது கிணற்றுக்கும் மண்ணுக்கும் ஏறுவதற்கு முன்பே நமக்குத் தெரிய வேண்டும். மே ஈ வகைகள் அசுத்தத்தை மட்டுமல்ல, உப்பையும் அதிகம் தாங்காதவை. அவை ஆண்டுக்காண்டு குறைவதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால், நிலம் சாவதற்கு முன்பே அது ஒரு முன்னெச்சரிக்கையாக இருந்திருக்கும்.

நாமே செய்யும் முறை

இதற்குப் பெரிய செலவு இல்லை. பழைய கொசுவலைத் துணியில் ஒரு முழ அகலத் துண்டு, அதன் இரு ஓரமும் கட்ட இரண்டு குச்சிகள், ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு தேக்கரண்டி, ஒரு நோட்டுப் புத்தகம். இவ்வளவுதான்.

முதலில் இடங்களைத் தேர்ந்தெடுங்கள். சந்தேகப்படும் சாக்கடையோ ஓடையோ ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலே ஓர் இடம், கீழே சற்றுத் தள்ளி ஓர் இடம், இன்னும் ஒரு கிலோமீட்டர் கீழே ஓர் இடம் என்று மூன்று இடங்கள் போதும். மூன்றிலும் ஆழமும் ஓட்டமும் அடிமண்ணும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் கல், மற்றோரிடத்தில் வெறும் மணல் என்றால் கணக்குச் சரிப்படாது. ஏனென்றால் ஓடும் மணலில் இயற்கையாகவே உயிர்கள் குறைவு.

இரண்டு பேர் சேர்ந்து போங்கள். ஒருவர் வலையை ஓட்டத்துக்கு எதிர்முகமாக, அடிமண்ணில் பதியும்படி பிடித்துக் கொள்ள வேண்டும். மற்றவர் வலைக்கு மேல்பக்கம் நின்று மூன்று நிமிஷம் காலால் கல்லையும் மண்ணையும் கிளறிவிட வேண்டும். கிளம்பும் உயிர்கள் ஓட்டத்தோடு வந்து வலையில் தங்கும். பெரிய கற்களைத் தூக்கிக் கையாலும் தடவி விடலாம். மணல் ஆறாக இருந்தால், கரையோரப் புல், வேர்களின் இடையே வலையை விட்டு அரித்து எடுங்கள். வலையில் சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டுக் கொட்டி, ஐந்து நிமிஷம் சும்மா விடுங்கள். ஒவ்வொன்றாக நெளியத் தொடங்கும். வகைவகையாக எண்ணி மூன்று வரிசையில் எழுதிக் கொண்டு, அவற்றை அதே இடத்தில் ஆற்றில் விட்டுவிடுங்கள்.

நோட்டில் தேதி, நேரம், இடம், தண்ணீரின் நிறம், வாசனை, கடைசியாக மழை பெய்த நாள், வந்தவர்கள் பெயர் ஆகியவற்றைக் கட்டாயம் எழுத வேண்டும். முடிந்தால் கைப்பேசியில் தட்டைப் படம் பிடித்து வையுங்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்யலாம். வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் ஆவதற்குள் எண்ணினால் தப்பான கணக்கு வரும். வெள்ளமே உயிர்களை அடித்துக் கொண்டு போயிருக்கும். நுரையும் சாயமும் ஓடும் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள்; குழந்தைகளை இறக்கவே கூடாது. எண்ணி முடித்த பிறகு கை கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மேலிடத்தில் முதல் வரிசை இருந்து, கீழிடத்தில் அது மறைந்து, மூன்றாம் வரிசை மண்டியிருந்தால் இடையில் ஏதோ சேருகிறது என்று பொருள். மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி இருந்தால், நாம் சந்தேகப்பட்ட ஓடைமேல் அவசரப்பட்டுப் பழி போட வேண்டாம். இந்தக் கணக்கு நமக்கு அனுகூலமாக மட்டும் பேசாது, உள்ளதைப் பேசும்.

இதன் எல்லையும் நம் பங்கும்

எந்த முறைக்கும் எல்லை உண்டு. ஜீவராசிகள் ‘கெட்டிருக்கிறது’ என்று சொல்லும். எந்தப் பொருளால் கெட்டது என்று பெயர் சொல்லாது. அதற்கு ஆய்வுக்கூடம்தான் வேண்டும். கல்லுக்கடியில் மே ஈ இருக்கிறது என்பதற்காக அந்தத் தண்ணீரைக் குடித்துவிடவும் கூடாது. நோய்க் கிருமிகளை அது காட்டாது. பாசனத்துக்கு உப்பு எவ்வளவு என்பதை மின்கடத்தும் திறனை அளந்தே உறுதி செய்ய வேண்டும். மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் பரிசோதித்துத் தருகிறார்கள். வறண்டு கிடக்கும் ஆற்றில் இந்த வேலை நடக்காது. மணலை அடியோடு வாரிவிட்ட இடத்திலும் நடக்காது. குடியிருக்கும் வீட்டையே இடித்துவிட்ட பிறகு சாட்சியை எங்கே தேடுவது? ஆகவே பாட்டிலைத் தள்ளிவிட்டுப் புழுவைப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. எப்போது, எந்த இடத்தில் பாட்டிலைப் பிடிக்க வேண்டும் என்று புழு சொல்லட்டும் என்கிறேன்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். ஆலைக்காரரின் வாய்க்காலுக்குக் கீழே எண்ணுகிற நாம், நம்முடைய வடிகால் ஆற்றில் சேரும் இடத்துக்குக் கீழேயும் எண்ண வேண்டும். பயிரில் பூச்சியைக் கொல்லும் மருந்து, ஆற்றில் பூச்சியை மட்டும் விட்டு வைக்குமா? இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் மே ஈ வகைகளுக்கு மிகக் கொஞ்ச அளவிலேயே எமனாக இருக்கின்றன. ஸ்பிரேயரை ஆற்றில் கழுவுவதும், காலி டப்பாவை வாய்க்காலில் வீசுவதும் நம்மில் பலர் செய்கிற காரியம்தான். நம் கை சுத்தமாக இருந்தால்தான் மற்றவரை நோக்கி விரல் நீட்ட முடியும். தட்டான்களும் ஊசித்தட்டான்களும் வயலில் பறந்து பூச்சிகளைப் பிடித்துத் தின்பவை. அவற்றின் பிள்ளைகளைத் தண்ணீரில் கொன்றுவிட்டு, மேலும் ஒரு டப்பா மருந்து வாங்குவது யாருக்கு லாபம்?

அரசு செய்ய வேண்டியது

நம் நாட்டில் தண்ணீரை அதன் உபயோகத்தை வைத்து ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். சுத்திகரிப்பு இல்லாமல் கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கும் தண்ணீர் முதல் வகுப்பு. குளிக்கும் தண்ணீர் இரண்டாவது. பாசனத் தண்ணீர் ஐந்தாவது, அதாவது கடைசி. முதல் நான்கு வகுப்புகளுக்கும் இவ்வளவு பிராணவாயு கரைந்திருக்க வேண்டும் என்று விதி உண்டு. மீன் வளர்க்கும் தண்ணீருக்குக்கூட லிட்டருக்கு 4 மில்லிகிராம் இருக்க வேண்டும். பாசனத் தண்ணீருக்கு மட்டும் அந்த விதி கிடையாது. கார அமில நிலை 6 முதல் 8.5 வரை, மின்கடத்தும் திறன் 2,250 மைக்ரோ மோக்கு மிகாமல், அத்துடன் சோடியம், போரான் அளவு. அத்தோடு சரி. ஆகவே ஓர் ஆற்றில் ஓர் உயிர்கூட இல்லாமல் போனாலும், இந்த எண்கள் சரியாக இருந்தால் அது ‘பாசனத்துக்கு ஏற்ற நீர்’தான். என் பக்கத்துத் தோட்டக்காரருக்கு வந்த காகிதத்தின் ரகசியம் இதிலும் இருக்கிறது.

அந்தத் தண்ணீரில் நாம் நாள் முழுதும் நிற்கிறோம். நம் மாடு குடிக்கிறது. நம் கீரை அதில் வளர்கிறது. விவசாயிக்கு மட்டும் உயிரற்ற தண்ணீர் போதும் என்று வைப்பது நியாயமா? பாசன ஆறுகளுக்கும் ஆற்றடி ஜீவராசிக் கணக்கைக் கட்டாயமாக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது எடுத்து, அந்த நீலம், சிவப்பு நிறத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதிப் போட வேண்டும். வேளாண்மைத் துறையினர் வயலில் நன்மை செய்யும் பூச்சி எது, தீமை செய்யும் பூச்சி எது என்று நமக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அதே போல ஆற்றுப் பூச்சியையும் ஒரு நாள் பயிற்சியில் கற்றுக் கொடுக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆசிரியர் துணையோடு நல்ல தண்ணீர் ஓடும் இடத்தில் இதைச் செய்தால், புத்தகப் பாடத்தைவிட நன்றாக மனத்தில் பதியும். விவசாயிகள் முறையாக எழுதி வைத்த நோட்டை ஒரு முதல் தகவலாக ஏற்றுக் கொண்டு, குறித்த நாட்களுக்குள் வந்து மாதிரி எடுக்க வேண்டும் என்று விதி செய்ய வேண்டும். இரவிலும் வந்து எடுக்க வேண்டும்.

பக்கத்துத் தோட்டக்காரரும் நானும் அந்தக் காகிதம் வந்த வாரமே ஆற்றில் இறங்கினோம். சாக்கடை சேரும் இடத்துக்கு மேலே கல்லைப் புரட்டினால், வாலில் மூன்று நூலோடு மே ஈப் பிள்ளைகள் ஓடின. வீடு கட்டும் புழுவும் இருந்தது. கீழே வந்து புரட்டினால் கறுத்த சேறு, அதில் சிவந்த நூல் புழு, இரண்டு அட்டை. அவ்வளவுதான். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப நான் பார்த்தது மெய்தானுங்க அண்ணா” என்றார்.

அதிலிருந்து மாதந்தோறும் எழுதி வருகிறோம். கொடுத்த மனு இன்னும் ஏதோ ஒரு கோப்பில்தான் இருக்கிறது. ஆனால் நோட்டில் இப்போது பல மாதக் கணக்கு இருக்கிறது. அடுத்த முறை ‘யார் பார்த்தார்கள்?’ என்று கேட்டால் காட்டுவதற்கு எங்களிடம் ஒன்று உண்டு. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஆற்றில் போடுகிறவர்கள் அளந்து போடுவதில்லை. நாமாவது அளந்து வைப்போம். இந்தக் கோடையில் தண்ணீர் குறைந்ததும், ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்துத் தொடங்குங்கள்.